படிக்கட்டுக்கு அப்பால் சேஷாசலம்

திருமலைக்கு நடந்து ஏறியதைப் பெருமையாகச் சொல்ல ஓர் ஆளாவது இல்லாத குடும்பம் வேலூர், காஞ்சிபுரம், சென்னைப் பக்கம் அரிது. புரட்டாசி வந்துவிட்டால் மஞ்சள் வேட்டிக் கூட்டம் நகரி, புத்தூர் வழியாகச் சாலை ஓரமாகவே நடந்து வந்து அலிபிரியில் சேரும். அங்கிருந்து 3,550 படிகள், ஏறக்குறைய 9 கிலோமீட்டர். 1944இல் முதல் மலைச்சாலை திறக்கும்வரை ஏழுமலையானைப் பார்க்க நடை ஒன்றுதான் வழி, முடியாதவர்களுக்கு டோலி.

அலிபிரிப் பாதையின் சூட்சுமம் தெரியாமல் தொடங்குகிறவர்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே மூச்சிரைத்துப்போவார்கள். படிகளில் பாதிக்கும் மேல் காலி கோபுரம் வருவதற்குள் முடிந்துவிடுகின்றன. அதன்பின் மான் பூங்கா, ஏழாவது மைல் ஆஞ்சநேயர், லட்சுமி நரசிம்மர் கோயில் என்று பெரும்பாலும் சமதளம். ‘அவ்வளவுதான் போல’ என்று நினைக்கும்போது முழங்கால் முறிச்சான் வந்து நிற்கும். ராமானுஜர் இந்த மலையில் கால் படக்கூடாதென்று முழங்காலாலேயே ஏறினார் என்பார்கள். சிறுவன் அன்னமய்யா செருப்போடு ஏறி இங்கே மயங்கி விழுந்ததாகவும், அலமேலுமங்கைத் தாயார் வந்து செருப்பைக் கழற்றச் சொன்னதாகவும் தெலுங்குக்காரர்கள் கதை சொல்வார்கள். இன்றைக்கும் அங்கே முழங்காலால் ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றிக்கொண்டே போகும் பெண்களையும் பார்க்கலாம். அவர்களுக்கு முன்னால் மலையேற்ற வீரர் என்று யாரும் மார்தட்டிக்கொள்ள முடியாது.

சந்திரகிரிக்கு அருகில் ஸ்ரீநிவாச மங்காபுரத்திலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு இன்னொரு வழி. 2,388 படிகள், இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். குறுக்குவழி என்பதால் செங்குத்து. சந்திரகிரிக் கோட்டையிலிருந்து விஜயநகர மன்னர்கள் இந்த வழியாகத்தான் மலைக்குப் போனார்கள் என்பது வழக்கு. 2021 நவம்பர் மழையில் வெள்ளம் இந்தப் படிகளை அடித்துக்கொண்டு போனது. சரிசெய்து மறுபடி திறக்க அடுத்த ஆண்டு மே மாதம் ஆயிற்று.

அந்த வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் திருமலையைத் தாங்கும் இந்தச் சேஷாசல மலை பிடிபடும். ஆல்ப்ஸ் மலையின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் பனி உருகி, கோடையில் நீர் பெருகும். இங்கே பனி ஏது? மேலே அடுக்கடுக்கான குவார்ட்சைட் பாறை. அடியில் அதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்த கிரானைட். இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டை மலைச்சாலை ஓரத்திலேயே பார்க்கலாம். தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு அதைக் கடந்து போகிறோம். மேல்பாறையின் விரிசல்களில் இறங்கிய மழை மாதக்கணக்கில் கசிந்து சுனையாகிறது. சுனைகள் கூடிப் பாறையை அறுத்து ஓடையாகின்றன. தெலுங்கில் கோனா என்று சொல்லும் பள்ளத்தாக்குகள் இப்படி வந்தவை. கல்யாணி ஆறு இந்தப் பக்கத்து நீரைச் சேர்த்துக்கொண்டு ஸ்வர்ணமுகியில் கலக்கிறது. கண்ணப்பர் கதையில் வரும் பொன்முகலி அதுதான்.

இந்தக் கோனாக்களில் ஆகச் சிறந்தது தும்புரு தீர்த்தம் என்பேன். திருமலையில் பாபவிநாசம் அணைவரை பஸ் போகும். அதற்கு அப்பால் காடு. ஆறேழு கிலோமீட்டர் ஏறி இறங்கி, ஓடையைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். கடைசியில் பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, நடுவில் தண்ணீர் மட்டுமே வழியாக இருக்கும். ஆண்டு முழுக்க இங்கே போக அனுமதி கிடையாது. பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி வரும் முக்கோட்டி நாளில் மட்டும் தேவஸ்தானமும் வனத்துறையும் பாதையைத் திறந்துவிடுகின்றன. வழுக்கும் இடங்களில் கயிறு கட்டுகிறார்கள். பாபவிநாசத்தில் சாப்பாடும் மோரும் கொடுக்கிறார்கள். இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களை வரவேண்டாம் என்கிறார்கள். தைப் பௌர்ணமிக்கு ராமகிருஷ்ண தீர்த்தம், மாசிப் பௌர்ணமிக்கு குமாரதாரை என்று மற்றப் பள்ளத்தாக்குகளுக்கும் தனித்தனி நாள் உண்டு.

எப்போதும் திறந்துவைத்தால் என்ன என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். ஒரு நாள் ஆயிரக்கணக்கானோர் போய்விட்டு, மிச்ச நாளெல்லாம் காட்டை அதன் போக்கில் விடுவது பழைய தந்திரம், பலன் தருகிறது. ஈரப் பாறை இடுக்கில் வாழும் பொன்னிறப் பல்லிக்கும், இரவில் மட்டும் வெளிவரும் தேவாங்குக்கும் அந்த மிச்ச நாட்கள் வேண்டும். 1989இல் தேசியப் பூங்கா, 2010இல் உயிர்க்கோளக் காப்பகம் என்று சட்டம் இந்தக் காட்டைக் காக்க வந்தது. முக்கோட்டியும் தன் வழியில் அதே வேலையைச் செய்கிறது.

சிறுத்தைக்கும் இதே காடுதான் வீடு. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில், நரசிம்மர் கோயிலுக்கு அருகே ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பு இன்னொரு குழந்தை சிறுத்தையிடம் சிக்கிப் பிழைத்ததே பெரிது. பிறகு பிற்பகலுக்கு மேல் குழந்தைகளோடு ஏறத் தடை வந்தது. பக்தர்கள் கையில் தடி கொடுத்தார்கள். கூண்டு வைத்துப் பல சிறுத்தைகளைப் பிடித்தார்கள். தடியைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது கேலியாகப் படவில்லை. கூரை, கடை, விளக்கு எல்லாம் இருந்தாலும் நாம் நடப்பது காட்டுக்குள் என்பதை அந்தத் தடி ஞாபகப்படுத்தியது.

இந்த மலையில் தமிழர் நடந்த இன்னொரு வழியும் இருக்கிறது. செம்மரம் உலகிலேயே இந்தச் சீமையில்தான் இயற்கையாக அடர்ந்து வளர்கிறது. வெளிநாட்டில் அதற்கு இருக்கும் விலை, ஜவ்வாது மலையிலிருந்து கோடாரியோடு வரும் கூலியாளுக்குத் தெரியாது. இடைத்தரகர் சொல்லும் நாள்கூலிதான் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டவர், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். மோதல் என்றது காவல்துறை. பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். சந்திரகிரிக் காட்டின் அழகை எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவது வழக்கமாகியிருக்கிறது. விடக்கூடாது.

சென்னையிலிருந்து வார இறுதியில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குத் தெரிந்த சித்தூர்ச் சீமை வேறு. ஊத்துக்கோட்டை, பிச்சாட்டூர் தாண்டினால் நாகலாபுரம். மலையடியில் அரை என்ற கிராமம். ஓடைவழியே கல்லுக்குக் கல் தாவி மேலேறினால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குளங்கள். கண்ணாடிபோன்ற தண்ணீர், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. தடா அருவி என்று நாம் சொல்லும் உப்பலமடுகு, சதாசிவகோனா எல்லாம் இந்த வகைதான். தலக்கோனா மட்டும் தனி ரகம். 270 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. சாலை வசதி இருப்பதால் குடும்பத்தோடு போகலாம், விடுமுறை நாளில் கூட்டமும் அப்படியே இருக்கும்.

இந்தக் குளங்களில் நீச்சல் தெரியாமல் இறங்கியும், தெரிந்து துணிந்து குதித்தும் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் பிறகு வனத்துறை பாதையை மூடும். சில மாதத்தில் உள்ளூர்ப் பையன் ஒருவனுக்குப் பணம் கொடுத்து வேறு வழியாக ஏறுவார்கள். சுவிட்சர்லாந்தில் மலைப்பாதை பிரியுமிடத்தில் மஞ்சள் பலகை நிற்கும். அடுத்த ஊருக்கு எவ்வளவு நேரம் நடக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். நாகலாபுரம் ஓடையில் வழிகாட்டி, பாறையில் யாரோ பெயின்ட்டில் போட்ட அம்புக்குறி. அதைப் போட்டவர் சரியான வழியில் போனாரா என்பது வெங்கடேசனுக்கே வெளிச்சம்.

இப்படி விதியில்லாமல் மலையேறியதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை அதிகம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் இங்கே விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்து, வனத்துறை வழிகாட்டியோடு நடக்கும் ஏற்பாடு வந்தது. வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையூர்க்காரர்கள். இதே ஏற்பாட்டை ஆந்திர வனத்துறை அரையிலும் உப்பலமடுகுவிலும் செய்யலாம்: ஒரு நாளைக்கு இத்தனை பேர், மழைக்காலத்தில் பூட்டு, கூலி உள்ளூருக்கு. அதுவரை நாகலாபுரம் போக நினைக்கிறவர்கள் முதலில் வன அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அனுமதி இல்லை என்றால் திரும்பி வாருங்கள். ஸ்ரீவாரி மெட்டு காலை 6 மணிக்குத் திறந்துவிடுகிறது.