நாடோடி நகரங்கள் – 7: விழித்திருந்தால் விருந்தாளி

லாஸ் வேகஸ் கேசினோக்களுக்குப் பூட்டு கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கு உள்ளே நுழைந்தாலும் குளுகுளுவென்று இருக்கும், கழிப்பறை பளபளக்கும். ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தால் குடிக்கக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மதுவே இலவசம், பரிமாறும் பெண்ணுக்கு ஒரு டாலர் டிப்ஸ் வைத்தால் போதும். உங்களுக்கு வீடு இருக்கிறதா, இல்லையா என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஆனால் அதே நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டால் செக்யூரிட்டி வந்து தோளைத் தட்டுவார். மறுபடியும் தூங்கினால் வெளியே அனுப்பி, ‘இனி இந்த வளாகத்துக்குள் வரக்கூடாது’ என்று எச்சரிப்பார். அதற்குப் பிறகும் கால் வைத்தால் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு.

காரையே வீடாக்கிக்கொண்டவர்களுக்கு இந்த நகரத்தின் விதி இதுதான். விழித்திருக்கிறவரை விருந்தாளி, தூங்கினால் வேண்டாதவர்.

அந்த விருந்தோம்பலிலும் சில வருடங்களாகக் கை இறுகிவிட்டது. ஸ்ட்ரிப் எனப்படும் அந்தப் பிரதான சாலையில் பல பத்தாண்டுகளாகப் பார்க்கிங் இலவசம். சூதாட வருகிறவனிடம் வாசலிலேயே காசு கேட்கக்கூடாது என்பது பழைய முதலாளிகளின் கணக்கு. 2016 ஜூனில் எம்ஜிஎம் என்ற கேசினோ நிறுவனம் தன் விடுதிகளில் பார்க்கிங் கட்டணத்தைத் தொடங்கியது. வேறு சில பெரிய விடுதிகளும் பின்தொடர்ந்தன. சுற்றுலாப் பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். கார்வாசிகளுக்கோ அது முணுமுணுப்போடு முடிகிற விஷயமாக இல்லை. அவர்கள் இழந்தது நிழலை.

பாலைவன நகரத்தில் மரநிழல் அபூர்வம். அடுக்குமாடிப் பார்க்கிங்கின் இரண்டாவது, மூன்றாவது தளம்தான் பகலில் காரை நிறுத்தத் தோதான இடம். நிழலுக்கும் வெயிலுக்கும் என்ன வித்தியாசம் வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, பக்கத்து மாநிலமான அரிசோனாவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தே சொல்லியிருக்கிறார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் உட்புறம் சராசரியாக 47 டிகிரி செல்சியஸைத் தொட்டது. டாஷ்போர்டு 69 டிகிரி, ஸ்டியரிங் 53. நிழலில் நின்ற காருக்குள் சுமார் 38 டிகிரிதான். 38 டிகிரியில் ஒரு மனிதர் எப்படியோ பொழுதை ஓட்டிவிடலாம். 47-ல் படுத்தால் எழுந்திருப்பது நிச்சயமில்லை. 2024 ஜூலை 7 அன்று லாஸ் வேகஸில் வெளியிலேயே 48.9 டிகிரி பதிவானது, அந்த ஊரின் வரலாற்றிலேயே அதிகம். அந்த ஒரே வருடத்தில், லாஸ் வேகஸை உள்ளடக்கிய கிளார்க் கவுண்டியில் வெப்பம் தொடர்பாக இறந்தவர்கள் 500-க்கும் மேல்.

நகரத்தின் ஓரங்களில், உள்ளூர்க்காரர்கள் ஆடுகிற கேசினோக்கள் பலவற்றில் பார்க்கிங் இன்னமும் இலவசம். ஆகவே கார்வாசிகளின் தினசரி ஓட்டம் இப்படி அமைகிறது: பகலில் நூலகம் அல்லது புறநகர் கேசினோ, மாலையில் ஜிம், இரவில் ஏதாவது ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்தம். ஜிம்முக்குப் போவது உடம்பை வளர்க்க அல்ல, குளிக்க. நாடு முழுக்கக் கிளைகள் உள்ள பிளானட் ஃபிட்னெஸ், 1998 முதல் மாதம் 10 டாலர் என்றிருந்த தன் அடிப்படைக் கட்டணத்தை 2024-ல் 15 ஆக்கியது. அமெரிக்காவில் அந்தக் காசுக்கு ஒரு மாதம் வெந்நீரும் கண்ணாடியும் வேறெங்கே கிடைக்கும்? காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கண்ணாடியும் முக்கியம். ஆம், காரில் வசிக்கிறவர்களில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. வாடகைக்கான முன்பணத்தைச் சேர்ப்பதற்குள் அடுத்த செலவு வந்து நிற்கும், அவ்வளவுதான்.

பேரங்காடி இரவும் உத்தரவாதமானதல்ல. வால்மார்ட்டில் ராத்தங்க அனுமதி உண்டா இல்லையா என்பது அந்தந்தக் கிளை மேலாளரையும் உள்ளூர்ச் சட்டத்தையும் பொறுத்தது. மேலாளர் மாறினால் ‘இரவில் வாகனம் நிறுத்தக்கூடாது’ என்ற பலகை முளைக்கலாம். நகரத்துக்கு வெளியே மத்திய அரசின் பாலைநிலம் பரந்து கிடக்கிறது. அங்கே பதினான்கு நாள் வரை காசில்லாமல் தங்கலாம். ஆனால் தண்ணீர் இல்லை, வேலைக்கு வந்துபோக பெட்ரோல் வேண்டும்.

குடித்துவிட்டுத் தூங்கினால் இன்னொரு சிக்கல். ஓட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும், கார் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று போலீஸார் கருதினால், குடித்துவிட்டு ஓட்டிய வழக்குதான். தப்பிக்க, லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் சட்டம் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. தூங்குகிறவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்கக்கூடாது, எஞ்சின் ஓடக்கூடாது, முறைப்படி நிறுத்தப்பட்ட வண்டியாக இருக்க வேண்டும், போதையில் அங்கே ஓட்டி வந்திருக்க முடியாது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாமல் ஏசி இல்லை. ஜூலை மாத இரவில் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தூங்குவது எப்படி என்பதைச் சட்டம் எழுதியவர்கள் ஒருநாள் செய்து காட்டலாம்.

காகிதங்கள் தனிக் கதை. இந்தக் கவுண்டியில் பெரும்பாலான கார்களுக்கு வருடாவருடம் புகைப் பரிசோதனை செய்தால்தான் பதிவு புதுப்பிக்கப்படும். காப்பீடு ஒருநாள் விட்டுப்போனாலும் போக்குவரத்துத் துறையின் கணினி கண்டுபிடித்துப் பதிவை முடக்கிவிடும். மீட்க 250 டாலருக்கும் மேல் ஆகும். வீட்டுக்காரர் வாடகைக்கு நாலு நாள் பொறுப்பார். கணினி பொறுக்காது. பதிவு செத்த காரை இழுத்துக்கொண்டு போனால் துணிமணி, மருந்து, சான்றிதழ் எல்லாமே அதோடு போய்விடும்.

இவர்கள் எத்தனை பேர்? ஜனவரி மாதக் கடைசியில் ஓர் இரவு அமெரிக்கா முழுக்க வீடற்றவர்களை எண்ணுகிறார்கள். 2024-ல் கிடைத்த எண்ணிக்கை 7,71,480. மத்திய அரசின் கணக்கில் காரில் தூங்குகிறவரும் கூரையற்றவர்தான். ஆனால் கண்ணாடிக்குத் திரை போட்டுக்கொண்டு, எல்லாக் கார்களையும் போல நிற்கிற ஒரு காரைத் தன்னார்வலர் எப்படி அடையாளம் காண்பார்? யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதானே அவர்களுடைய பிழைப்பே. உண்மை எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும்.

2020 மார்ச்சில், யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கொரோனாவால் கேசினோக்களை மூட ஆளுநர் உத்தரவிட்டார். பூட்டே இல்லாத ஊர் 78 நாள் பூட்டிக் கிடந்தது. கழிப்பறை, குடிதண்ணீர், ஏசி எல்லாம் ஒரே நாளில் கதவடைத்துக்கொண்டன. ஜிம்மும் மூடல், நூலகமும் மூடல். அதே மாதம், நோய்த்தொற்று காரணமாக ஒரு பெரிய காப்பகம் மூடப்பட்டபோது அங்கிருந்தவர்களைக் கேஷ்மன் சென்டர் என்ற மாநாட்டு மையத்தின் வாகன நிறுத்தத்துக்கு அனுப்பினார்கள். தரையில் இடைவெளிக்காக வெள்ளைக் கோட்டில் கட்டங்கள், கட்டத்துக்கு ஒருவர். அந்தப் புகைப்படம் உலகத்தைச் சுற்றி வந்தது. அன்று அந்த ஊரில் இருந்த ஓட்டல் அறைகள் சுமார் ஒன்றரை லட்சம். பெரும்பாலானவை காலி.

அதே ஊரில், அதற்குச் சில வருடங்கள் முன்பு, இணையத்தில் காலணி விற்கும் ஸப்போஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த கோடீஸ்வரர் டோனி ஷே, அடுக்குமாடிக் குடியிருப்பை விட்டுவிட்டு டவுன்டவுனில் ஓர் ஏர்ஸ்ட்ரீம் இழுவை வண்டிக்குக் குடிபோனார். பத்திரிகைகள் ‘எளிமை’ என்று கொண்டாடின. நிலம் சொந்தமாக இருந்தால் சக்கரம் வைத்த வீடு எளிமை. இல்லையென்றால் பொது இடையூறு.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2014-ல், காரை வசிப்பிடமாகப் பயன்படுத்தத் தடை விதித்த லாஸ் ஏஞ்சலஸின் சட்டத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று ரத்து செய்தது. எது வசிப்பது, எது வெறுமனே பயணம் போவது என்று அதில் தெளிவில்லை என்பது காரணம். நெவாடாவும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. 2019 நவம்பரில் லாஸ் வேகஸ் நகர மன்றம், காப்பகத்தில் படுக்கை காலியிருக்கும்போது டவுன்டவுன் தெருக்களில் தூங்குவதைக் குற்றமாக்கியது. ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 டாலர் வரை அபராதம். வேடிக்கை என்னவென்றால், உலகப் புகழ்பெற்ற ஸ்ட்ரிப் அந்த நகர எல்லைக்குள்ளேயே இல்லை. அது கவுண்டி நிர்வாகத்தின் பகுதி. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் தூங்குகிறவர்களைத் தண்டிக்க உள்ளாட்சிகளுக்கு உரிமை உண்டு என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த சில மாதங்களில் கிளார்க் கவுண்டியும் தன் பங்குக்குப் பொது இடத்தில் தங்குவதைத் தடை செய்தது. 2025 பிப்ரவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. 500 டாலர் வரை அபராதம், அல்லது பத்து நாள் வரை சிறை.

அடுத்த வாரம் நெவாடாவின் வடக்கே போவோம். 2011-ல் ஜிப்சம் ஆலை மூடியதும் தன் தபால் குறியீட்டு எண்ணையே இழந்த எம்பயர் என்ற ஊருக்கு.

(தொடரும்)