செஞ்சந்திரனுக்கு எத்தனை செக்கன்?

2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் 7 ஆந் திகதி இரவு பதினொரு மணியளவில் முழுமதி பூமியின் நிழலுள் முற்றாகப் புகுந்தது. அதன்பின் 82 நிமிட நேரம் செப்புக் குடம்போல வானிலே தோன்றிற்று. நாமும் எமது தமக்கையாரின் மகனும் இரவல் வாங்கிய தொலைகாட்டியொன்றிற் கமராவைப் பொருத்தி இருபது படங்கள் வரை எடுத்தோம். மறுநாட் காலையிற் பார்த்தால், கிரகணத்துக்கு முந்திய சந்திரன் வெறும் வெள்ளை வட்டம். செஞ்சந்திரனோ இழுபட்ட கறை. பையன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அடுத்தது எப்போது, மாமா?” என்று மட்டுங் கேட்டான்.

குற்றம் கமராவினுடையதன்று, அதனைத் தன்னியக்க முறையில் விட்டுவைத்த எம்முடையதே. கமரா தன் முன்னுள்ள காட்சி முழுவதையும் அளந்து சராசரி காண்கிறது. காட்சியிற் பெரும்பகுதி கரிய வானம். ஆகவே ஒளி போதாதென மயங்கி, மூடியை நெடுநேரம் திறந்துவைக்கிறது. சந்திரனோ நடுப்பகல் வெயிலிற் கிடக்கும் பாறையை ஒத்தது. நம் முற்றத்துக் கல்லில் விழும் அதே சூரிய வெளிச்சமே அதன்மீதும் விழுகிறது. எனவே முழுமதிக்கு வேண்டியது பகற்பொழுதுக்குரிய அளவேயாம்.

கமராவில் நாம் மாற்றக்கூடியவை துவாரம், மூடி திறந்திருக்கும் நேரம், ஒளியுணர்திறன் ஆகிய மூன்று. தொலைகாட்டி இவற்றுள் முதலாவதை நம் கையினின்றும் எடுத்துவிடுகிறது. 114 மில்லிமீற்றர் விட்டமும் 900 மில்லிமீற்றர் குவியத் தூரமுமுள்ள தொலைகாட்டியின் விகிதம் ஏறத்தாழ 8; அது மாறாது. அதற்கு ஐ.எஸ்.ஓ. 100 இல், 1/200 செக்கன் முழுமதிக்குப் பொருந்தும்.

சந்திரன் நிழலுள் முழுவதும் சென்றதும் கணக்குத் தலைகீழாகிறது. அதன் ஒளி பதினாயிரம் மடங்கும், சிலவேளை அதற்கு மேலும் குறைந்துவிடும். ஐ.எஸ்.ஓ. 1600 இல் அரைச் செக்கன் முதல் 2 செக்கன் வரை வேண்டும். திட்டமான எண் கூறுதல் இயலாது. பூமியின் வளிமண்டலத்தினூடு வளைந்து செல்லும் செவ்வொளியே அப்போது சந்திரனை அடைகிறது. அவ்வளி தூசு நிறைந்திருப்பின் செந்நிறமும் மங்கும். 1963 இல் பாலித்தீவின் ஆகுங் எரிமலை பொங்கிய பின், அவ்வாண்டு டிசெம்பரில் நிகழ்ந்த கிரகணத்திற் சந்திரன் மிகவும் இருண்டு தோன்றியது. ஆதலால் நேரத்தை இரட்டித்து இரட்டித்துப் பல படங்கள் எடுத்துக்கொள்வதே புத்தி.

நெடுநேரம் திறந்துவைப்பதிலும் ஓர் இடருண்டு. பூமி சுழல்வதால் சந்திரன் ஒரு செக்கனில் தன் விட்டத்தின் நூற்றிருபதில் ஒரு பங்கு நகர்கிறது. இது அற்பமெனத் தோன்றலாம். ஆயினும் மேற்சொன்ன தொலைகாட்டியில், கமராவின் நுண்புள்ளிகள் ஏறக்குறைய பதினைந்தை அது கடந்துவிடும். எம் கறைக்குக் காரணம் இதுவே. வானோடு கூடத் திரும்பும் மோட்டார் இல்லாதவர் ஐ.எஸ்.ஓ. வை 6400 ஆக உயர்த்திக் கால் செக்கனில் எடுக்கட்டும். படம் மணல் தூவியதுபோலிருக்கும். இழுபட்ட படத்தினும் அது நன்று.

பாதி மறைந்த சந்திரனையிட்டுத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கண் காணும் ஒளியையும் நிழலையும் கமரா ஒரே படத்திற் பற்றாது. ஒளிப்பாகத்துக்கு எடுங்கள், நிழல் கறுக்கட்டும்.

வெண்சமநிலையைப் பகலொளிக்கு நிறுத்துக; அன்றேல் கமரா செந்நிறத்தைத் திருத்த முற்படும். குவியத்தைக் கிரகணம் தொடங்குமுன்பே சந்திரனின் ஓரத்தைப் பெருப்பித்துப் பார்த்துச் சரிசெய்க. விரலால் அழுத்தினால் தொலைகாட்டி நடுங்கும். இரண்டு செக்கன் தாமதப் பொறியைப் பயன்படுத்துக. இவற்றைப் பழக எந்தப் பறுவமும் போதும். சூரியன் பக்கமோ, உரிய வடியின்றித் தொலைகாட்டியைத் திருப்பவே கூடாது.

இலங்கையில் முழுமையாகத் தெரியக்கூடிய அடுத்த பூரண சந்திர கிரகணம் 2028 டிசெம்பர் 31 ஆந் திகதி இரவு பத்து மணியளவில் நிகழும். மாரி காலமாதலால் முகில் என்ன செய்யுமோ! பையன் தன் அப்பியாசக் கொப்பியின் பின்னட்டையில் மேற்கண்ட எண்களையெல்லாம் எழுதி வைத்திருக்கிறான். “தன்னியக்கம் வேண்டாம்” என்பதன் கீழ் இரண்டு கோடுகள் இழுத்திருக்கிறான்.