பிரவுசரை மாற்றினால் போதாது, எஞ்சினை மாற்றுங்கள்!

புது போன் வாங்கினால் ரிங்டோனை மாற்றுகிறோம், வால்பேப்பரை மாற்றுகிறோம், கீபோர்டைக்கூட மாற்றுகிறோம். பிரவுசரை மட்டும் யாரும் தொடுவதில்லை. போனோடு எது வந்ததோ, அதிலேயே அந்த போனின் ஆயுள் முடிந்துவிடுகிறது. வங்கிக் கணக்கு, பிள்ளையின் பரீட்சை ரிசல்ட், ராத்திரியில் பயந்துபோய்த் தேடிய நோயின் பெயர் என்று எல்லாமே அதன் வழியாகத்தான் போய்வருகின்றன.

உலகில் இணையம் பார்ப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் குரோமில் இருக்கிறார்கள். அதிலிருந்து வெளியே வர நினைப்பவர்கள் வழக்கமாகப் போவது எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி பக்கம். நான்குக்கும் உள்ளே ஓடுவது, குரோமுக்கும் அடித்தளமான குரோமியம்தான்; பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் எஞ்சினும் அதிலிருந்துதான் வருகிறது. ஓபரா தன் சொந்த எஞ்சினை 2013லேயே கைவிட்டது. எட்ஜ் 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறியது. இப்படி மாறுவது சட்டையை மாற்றிக்கொள்வது மாதிரி, ஆள் அதே ஆள்தான். சஃபாரிக்குத் தனி எஞ்சின் உண்டு. ஆனால் அது ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ஆண்ட்ராய்டு, விண்டோஸ்காரர்களுக்கு மிஞ்சியிருக்கும் நிஜமான மாற்று பயர்பாக்ஸ். அதற்குள் இருப்பது கெக்கோ.

எந்த எஞ்சின் ஓடினால் என்ன, பக்கம் திறந்தால் சரி என்று தோன்றலாம். தென்கொரியாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது.

1990களின் கடைசியில் அமெரிக்கா வலுவான குறியாக்கத்தை வெளிநாட்டுக்கு விடவில்லை. மற்ற நாடுகளுக்குக் கிடைத்த பிரவுசர்களில் இருந்தது பலவீனமான 40 பிட் பூட்டு. அதை நம்பிப் பணம் அனுப்ப முடியாது என்று கொரியர்கள் ‘சீட்’ என்ற 128 பிட் முறையைத் தாங்களே உருவாக்கினார்கள். மெச்ச வேண்டிய வேலை. ஆனால் சீட் எந்த பிரவுசருக்கும் தெரியாது. தெரியவைக்க ‘ஆக்டிவ்எக்ஸ்’ என்ற துணை நிரலை இறக்க வேண்டும். ஆக்டிவ்எக்ஸ் ஓடியதோ இன்டர்நெட் எக்ஸ்புளோரரில். அரசு அங்கீகரித்த டிஜிட்டல் சான்றிதழ் இல்லாமல் பணப் பரிமாற்றம் இல்லை என்ற விதியும் சேர்ந்துகொள்ள, வங்கி, ஷாப்பிங், அரசு விண்ணப்பம் என்று ஒரு நாடே ஒரு பிரவுசருக்குள் போய் மாட்டிக்கொண்டது. மேக், லினக்ஸ் வைத்திருந்தவர்கள் பணம் கட்டுவதற்காகவே இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தேடினார்கள்.

2014ல் ஒரு கொரிய டிவி தொடரின் நாயகி போட்டிருந்த கோட்டுக்குச் சீனாவில் ஏகப்பட்ட கிராக்கி. வாங்கப் போனால் சான்றிதழ் கேட்டது கொரியக் கடை. வெளிநாட்டு ரசிகர்கள் அதற்கு எங்கே போவார்கள்? அந்தக் கோட்டைக் குறிப்பிட்டு நாட்டின் அதிபரே பேசினார். அப்படியும் அந்தச் சான்றிதழின் தனி அந்தஸ்து சட்டப்படி நீங்க 2020 டிசம்பர் ஆகிவிட்டது. 2022 ஜூன் 15 அன்று எக்ஸ்புளோரர் ஓய்வு பெற்றபோது, கியோங்ஜு நகரில் ஒரு மென்பொருள் பொறியாளர் தன் கைக்காசைப் போட்டு அதற்குக் கல்லறைக்கல் நட்டார். அத்தனை வருஷம் அதோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்தக் கல்லின் அர்த்தம் புரிந்திருக்கும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு அது. அவிழ்க்க இருபது வருஷம் பிடித்தது.

தமிழுக்கும் இந்த அனுபவம் உண்டு. யூனிகோடு பரவும் முன்னால் தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. எக்ஸ்புளோரரில் திறந்தால் ‘டைனமிக் ஃபான்ட்’ தானாக இறங்கி, தமிழ் தெரியும். அதே பக்கத்தை பயர்பாக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் கலந்த குப்பைதான் தெரியும். ‘பத்மா’ என்ற ஆட்-ஆன் வந்து அதை யூனிகோடாக மாற்றிக் காட்டிய பிறகுதான் பலரால் படிக்க முடிந்தது.

இன்றைய பூட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. தளம் கட்டுபவர் குரோமில் சோதித்துவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறார். பயர்பாக்ஸில் பணம் கட்டும் பட்டன் அசையாது. ‘குரோமில் திறந்து பாருங்க’ என்பார் உதவி மையத்தில் பேசுபவர். நாமும் திறப்போம். பயர்பாக்ஸ் கணக்கில் ஒரு ஆள் குறைவார். அடுத்த தளம் அதில் சோதிப்பதையே விட்டுவிடும். 2010 வாக்கில் சுமார் 30 சதவீதம் பேர் பயன்படுத்திய பிரவுசர் இப்படித்தான் இன்று ஒற்றை இலக்கத்தின் அடியில் கிடக்கிறது. அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று: பயர்பாக்ஸின் வருமானத்தில் பெரும்பகுதி, குரோமை உருவாக்கும் போட்டியாளரின் தேடுபொறியை முதலில் வைப்பதற்காக அந்தப் போட்டியாளரிடமிருந்தே வருகிறது. அந்தப் பணம் ஒருநாள் நின்றால் கெக்கோவை யார் பராமரிப்பார்கள்?

ஒரே எஞ்சின் என்றால் தளம் கட்டுபவர்களுக்கு வேலை மிச்சம் என்று வாதிடுபவர்கள் உண்டு. மிச்சம்தான். ஆனால், அந்த எஞ்சின் எதைச் செய்கிறதோ அதுவே விதி ஆகிவிடும். குரோமில் ஆட்-ஆன்களுக்கான பழைய விதிமுறை விலக்கப்பட்டபோது, விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் அதன் முழு வடிவில் அங்கே ஓட முடியாமல் போனது. பயர்பாக்ஸில் இன்றும் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனிலும்கூட. டேட்டா பேக்கை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு இது ஒன்றே மாறுவதற்குப் போதுமான காரணம்.

மாறுவது பெரிய வேலை இல்லை. கம்ப்யூட்டரில் பயர்பாக்ஸை நிறுவினால் புக்மார்க்குகளைப் பழைய பிரவுசரிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டுகளை ஃபைலாக இறக்கி மாற்றுபவர்கள் வேலை முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிட வேண்டும். உள்ளே எல்லாம் பூட்டில்லாமல் அப்படியே எழுதியிருக்கும். மெனுக்களைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம், தன்னார்வலர்கள் மொழிபெயர்த்திருக்கிறார்கள். பழைய பிரவுசரை உடனே நீக்க வேண்டியதில்லை; டீஃபால்ட்டை மட்டும் மாற்றுங்கள்.

ஏதாவது தளம் மக்கர் செய்தால் சத்தமில்லாமல் குரோமுக்குத் திரும்பிவிடாதீர்கள். பயர்பாக்ஸ் மெனுவிலேயே பழுதான தளத்தைப் புகார் செய்ய வழி இருக்கிறது. அந்தத் தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்தப் பட்டன், பிரவுசரின் எந்தப் பதிப்பு. முடிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து.