ஒரு படக்கலைஞரின் புதுமணக் காலம்

எனக்குத் திருமணமான புதிதில், 1980களின் நடுவில், நானும் என் மனைவியும் மூன்று நாள் பயணமாகக் கொடைக்கானலுக்குச் சென்றிருந்தோம். நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற காமிரா என் தோளில் தொங்கிற்று. கறுப்பு வெள்ளைச் சுருள். அதில் 12 படங்கள்தாம் எடுக்கலாம். தூண்பாறையை நாங்கள் அடைந்த வேளையில் மூடுபனி விலகி, கழுவிவிட்டாற்போன்ற நீல வானமும் அதில் பஞ்சுப் பொதிகளாக வெண்மேகங்களும் தோன்றின. அந்த ஓரிடத்திலேயே நான்கு படங்கள் எடுத்துத் தீர்த்தேன். ஊர் திரும்பிப் படங்கள் கழுவி வந்தபோது பாறை இருந்தது, என் மனைவி இருந்தாள். வானம் மட்டும் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. "அன்றைக்குப் பார்த்த மேகமெல்லாம் எங்கே போயிற்று?" என்று அவள் கேட்டாள். வகுப்பில் ஒளியியல் கற்பிக்கும் ஆசிரியனாக இருந்தும் எனக்கு விடை தெரியவில்லை. காமிராவின்மீது பழியைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்கப் படக்கலைஞர் ஆன்செல் ஆடம்ஸின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோதுதான் விடை கிடைத்தது. விடையோடு வேறொரு செய்தியும் கிடைத்தது. மாணவ நேயர்களே, அவ்விரண்டையும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

ஆன்செல் ஆடம்ஸ் 1902ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். ஓரிடத்தில் உட்கார இயலாத பிள்ளை. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவராமற்போகவே, தந்தையார் அவரை நிறுத்திவிட்டு வீட்டிலேயே கல்விக்கு ஏற்பாடு செய்தார். தலைமையாசிரியனாக இருந்த நான் இதனைப் பெருமிதத்தோடு கூறவில்லை என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். பிள்ளை பியானோ வாசிக்கத் தானே கற்றுக்கொண்டான். அதுவே தன் வாழ்க்கைத் தொழில் என்றும் முடிவு செய்தான். 1916இல், 14ஆம் வயதில், பெற்றோருடன் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குச் சென்றான். அங்கே அவன் கையில் ஒரு சிறு பெட்டிக் காமிரா கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் அந்த மலைக்குப் போகாத ஆண்டே இல்லை.

யோசெமிட்டி என்பது கலிபோர்னியா மாநிலத்தில், சியெரா நெவாடா மலைத்தொடரில், பனியாறுகள் கருங்கல்லைக் குடைந்து அமைத்த பள்ளத்தாக்கு. அதன் கிழக்கு முனையில் ஹாஃப் டோம் எனப்படும் பெரும்பாறை நிற்கிறது. உருண்டை வெல்லத்தை நடுவில் அரிந்து ஒரு பாதியை அப்பால் எடுத்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு வடிவம். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து அதன் உச்சி ஏறத்தாழ 4,800 அடி உயரம். நம் தூண்பாறை சுமார் 400 அடி என்பதை நினைத்துக்கொண்டால் அளவு விளங்கும்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஹாரி பெஸ்ட் என்னும் ஓவியர் ஒரு கடை வைத்திருந்தார். தம் ஓவியங்களையும், சுற்றுலா வருவோர் வாங்கும் சிறு பொருள்களையும் விற்று வந்தார். அவர் வீட்டில் ஒரு பழைய பியானோ இருந்தது. மலைக்கு வந்த இடத்திலும் பயிற்சியை விடக்கூடாது என்று தவித்த இளைஞர் ஆன்செலுக்கு ஹாரி பெஸ்ட் அதனை வாசிக்க இசைவளித்தார். 1921இல் பியானோவைத் தேடிச் சென்றவர் அங்கே ஓவியரின் மகள் வர்ஜீனியாவைக் கண்டார். வர்ஜீனியா நல்ல குரல்வளம் உடையவர், இசையில் தேர்ச்சி பெற விரும்பியவர், மலையேறுவதிலும் சளைக்காதவர். இருவருக்கும் மணம் என்று பேச்சாயிற்று, பேச்சு நடுவில் நின்றும் போயிற்று, மீண்டும் தொடங்கிற்று. இசைக்கலைஞனுக்கு வருவாய் ஏது? ஆறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

1926இல் ஆல்பர்ட் பெண்டர் என்பவரின் நட்பு ஆன்செலுக்குக் கிடைத்தது. சான்பிரான்சிஸ்கோவில் காப்பீட்டுத் தொழில் செய்துவந்த கலைப்புரவலர் அவர். ஆன்செலின் மலைப்படங்களைப் பார்த்தவர், 18 படங்கள் கொண்ட தொகுதி ஒன்றை வெளியிடச் செய்து, பிரதிகளை வாங்குவதாகத் தாமே முதலில் கையெழுத்திட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. புகைப்படம் என்று சொன்னால் கலைப்பொருளாக எவரும் வாங்கமாட்டார்கள் என்று வெளியிட்டவர் அஞ்சியதால், 'பார்மெலியன்' என்று பொருளில்லாத ஒரு சொல்லைப் புனைந்து தொகுதிக்குச் சூட்டினார்கள்.

அந்தத் தொகுதிக்குப் படங்கள் தேடிய நாள்களில்தான், 1927 ஏப்ரலில், ஆன்செலும் வர்ஜீனியாவும் நண்பர்கள் மூவரும் ஹாஃப் டோம் பாறையின் மேற்குத் தோளில் பனிபடர்ந்த செங்குத்தான வழியாக ஏறினார்கள். மரத்தாலான பெரிய காமிரா, இரண்டு லென்சுகள், வண்ணக் கண்ணாடிகள், கனத்த முக்காலி, இவற்றோடு 12 கண்ணாடித் தகடுகள். அக்காலத்தில் ஒரு தகட்டில் ஒரு படந்தான். இத்தனையும் ஆன்செலின் முதுகில். போகும் வழியிலேயே படங்கள் எடுத்தார். சில தகடுகள் பாழாயின. பாறையை நேருக்கு நேர் காணக்கூடிய, பள்ளத்தின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கல்மேடையை அடைந்தபோது மிஞ்சியிருந்தவை இரண்டே. பாறையின் முகமோ நிழலில் கிடந்தது. வெயில் அதன்மேல் திரும்பும்வரை காத்திருந்தார்கள்.

பிற்பகலில் ஒளி வந்தது. மஞ்சள் கண்ணாடி ஒன்றை லென்சின்மேல் பொருத்தி முதல் தகட்டில் படம் எடுத்தார். எடுத்த கணமே அவருக்கு ஒன்று புலப்பட்டது. அந்தப் படம் பாறையின் உருவத்தைச் சரியாகக் காட்டும்; ஆனால் அதன் எதிரே நிற்கும்போது தம் நெஞ்சில் எழுந்த மலைப்பைக் காட்டாது. கையில் எஞ்சியது ஒரே தகடு. மஞ்சளைக் கழற்றிவிட்டு ஆழ்ந்த சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தினார். ஐந்து விநாடி ஒளி விட்டார்.

இங்கே சற்று நின்று, என் மனைவி கேட்ட கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணம், காற்று மண்டலம் கதிரவன் ஒளியில் உள்ள நீலக் கதிர்களை மற்றவற்றைவிட மிகுதியாகச் சிதறடிப்பதுதான். படச்சுருளில் பூசப்பட்ட வெள்ளி உப்புகளோ நீலத்துக்கும் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிருக்கும் இயல்பாகவே மிகவும் வசப்படுபவை. நம் கண்ணுக்குச் சற்று மங்கலாக இருக்கும் நீலவானம், சுருளுக்குக் கண்கூசும் ஒளியாகப் படுகிறது. மேகமும் வெள்ளை, வானமும் வெள்ளை. ஒன்றில் மற்றொன்று கரைந்துவிடுகிறது. கொடைக்கானலில் எனக்கு நேர்ந்தது இதுவே. காமிராவின்மேல் குற்றமில்லை.

சிவப்புக் கண்ணாடி சிவப்பு ஒளியை மட்டும் விட்டு நீலத்தைத் தடுத்துவிடும். ஆகவே வானத்திலிருந்து தகட்டுக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு. படத்தில் வானம் கருமையாகிவிடும். நிழல்களும் அப்படியே. வெயில் படாத இடத்துக்கு வெளிச்சம் வருவது வானத்திலிருந்தல்லவா? அந்த வெளிச்சமும் பெரும்பாலும் நீலமே. அது தடைபட, நிழல் இன்னும் கறுக்கிறது. ஆனால் வெயில் படும் கருங்கல்லும் பனியும் எல்லா நிறங்களையும் திருப்பி அனுப்புவதால், அவற்றின் சிவப்புப் பங்கு கண்ணாடியைத் தாண்டிவந்து தகட்டில் பளிச்சென்று பதிகிறது. இதற்கு விலையும் உண்டு. அவர் பயன்படுத்திய சிவப்புக் கண்ணாடி ஒளியை வெகுவாகக் குறைப்பதால், கண்ணாடி இல்லாமல் எடுப்பதைப் போல் 16 மடங்கு நேரம் ஒளி விடவேண்டும். அந்தக் கணக்கின்படிதான் ஐந்து விநாடி. அவ்வளவு நேரம் பெரிய காமிரா ஒன்று மலைக்காற்றில் அசையாமல் நிற்க வேண்டும். காற்று அன்று அவருக்கு இணங்கியிருந்தது.

கருவானத்தின் முன்னே ஒளிரும் அப்பாறைப் படம் இன்று உலகப் புகழ் பெற்றது. படம் எப்படி அமைய வேண்டும் என்பதை எடுப்பதற்கு முன்னரே மனக்கண்ணில் முழுமையாகக் கண்டுவிட வேண்டும் என்னும் முறையை அன்றுதான் முதன்முதலில் கைவரப்பெற்றதாக ஆன்செல் பிற்காலத்தில் எழுதினார். எழுத்தாணியை ஓலையில் வைப்பதற்கு முன்பே அடி முழுவதும் புலவன் மனத்தில் அமைந்துவிடுவது போன்றது இது.

தொகுதி அவ்வாண்டே வெளிவந்தது. 1928 ஜனவரி 2ஆம் நாள், பெஸ்ட் அவர்களின் கடையிலேயே ஆன்செலுக்கும் வர்ஜீனியாவுக்கும் திருமணம் நடந்தது. ஏற்பாடு மிக அவசரமானது. புத்தாடை தைக்க நேரமின்றி, மணமகள் தம்மிடமிருந்த நல்ல உடையை அணிந்துகொண்டார். அது கறுப்பாக இருந்தது! மணமகன் காலில் கூடைப்பந்து ஆடுவோர் அணியும் காலணி. நம் ஊர்ப் பெரியவர்கள் எவரேனும் அங்கிருந்திருந்தால் முகூர்த்தத்தை நிறுத்தியிருப்பார்கள்.

புதுமணத் தம்பதியர் சான்பிரான்சிஸ்கோவில் ஆன்செலின் பெற்றோருடன் குடியமர்ந்தனர். ஆனால் வீட்டில் இருந்த நாள் குறைவு. இயற்கையைக் காப்பதற்காக 1892இல் தொடங்கப்பட்ட சியெரா கிளப், கோடைதோறும் தன் உறுப்பினர்களை வாரக்கணக்கில் மலைப்பயணம் அழைத்துச் செல்லும். கோவேறு கழுதைகள் கூடாரங்களையும் உணவையும் சுமக்க, பெருங்கூட்டம் ஒன்று கணவாய் கணவாயாகக் கடந்து போகும். 1928இல் கனடா நாட்டு மலைகளுக்குச் சென்ற பயணத்தில் ஆன்செல் கிளப்பின் படக்காரராகப் பணியாற்றினார். பின்னர்ப் பயணங்களை நடத்தும் பொறுப்பிலும் துணைநின்றார். வைகறையில் எல்லாருக்கும் முன் எழுந்து அடுத்த கூடாரமிடும் இடம் தேடிச் செல்வது, தொலைந்த பொருளைக் கண்டுபிடிப்பது, இரவில் தீயைச் சுற்றி அமர்ந்தோர் சிரிக்கக் கிரேக்கத் துன்பியலைப் பகடி செய்து நாடகம் எழுதுவது எல்லாம் அவர் வேலை. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றவன் என்ற முறையில், இவற்றில் முதல் இரண்டின் அருமையை நான் அறிவேன்.

1929இல் இருவரும் நியூ மெக்சிகோ சென்றனர். அங்கே எழுத்தாளர் மேரி ஆஸ்டினுடன் சேர்ந்து, தாவோஸ் என்னும் தொல்குடி ஊரின் மண்வீடுகளைப் பற்றி ஒரு நூலை ஆன்செல் உருவாக்கினார். 12 படங்களுடன் 108 பிரதிகளே அச்சான அந்நூல் 1930இல் வெளிவந்தது. அவ்வாண்டு அவ்வூரிலேயே பால் ஸ்டிராண்ட் என்னும் படக்கலைஞர் தம் எதிர்ப்படங்களை வெள்ளைத் தாளின்மேல் பிடித்துக் காட்டினார். அவற்றைக் கண்டபிறகு ஆன்செல் பியானோவை விட்டுக் காமிராவே தம் தொழில் என்று தீர்மானித்தார். தாயார் மிகவும் வருந்தினார். கையிலிருந்த ஒரே தகட்டை வைத்து முடிவு செய்தாரே, அதைவிடக் கடினமான முடிவு இது. குடும்பத்தோடு எடுக்கும் முடிவல்லவா?

நான் முன்னே சொன்ன வேறொரு செய்தி இங்கே வருகிறது. ஆன்செலைப் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் வர்ஜீனியாவுக்கு ஒரு வரி கிடைக்கும். ஆனால் சியெரா கிளப்பின் இயக்குநர் குழுவில் 1930களின் தொடக்கத்தில் முதலில் அமர்ந்தவர் அவர். ஆன்செல் அதற்குப் பின்னர், 1934இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டு, 37 ஆண்டுகள் இருந்தார். 1933இல் மகன் யோசெமிட்டியில் பிறந்தபோது தந்தை மலைமேல் கிளப்பின் பயணத்தில் இருந்தார். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் இரண்டாவது மகன் பிறந்த இரவில் நான் நாற்பது மாணவர்களுடன் மாமல்லபுரத்தில் இருந்தேன். அதைப் பற்றி என் மனைவி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை; சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

1936இல் ஹாரி பெஸ்ட் மறைந்தார். கடை வர்ஜீனியாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு குடும்பம் யோசெமிட்டிக்குப் பெயர்ந்தது. அவ்வாண்டே அங்கிருந்த இருட்டறையில் தீப்பற்றி எதிர்ப்படங்கள் பல அழிந்தன. ஹாஃப் டோம் தகடு தப்பிற்று. கலைப்படங்களுக்கு அக்காலத்தில் நிலையான வருவாய் இல்லை. ஆன்செல் விளம்பரப் படங்களும் எடுத்துப் பொருளீட்டினார். வாரக்கணக்கில் காமிராவோடு அலைந்தார். உள்ளே கடையைத் திறந்து, கணக்கெழுதி, பிள்ளைகளை வளர்த்தவர் வர்ஜீனியா. மலிவான அலங்காரப் பொருள்களைக் குறைத்து, நல்ல நூல்களையும் தொல்குடி மக்களின் கைவினைப் பொருள்களையும் கணவரின் படங்களையும் கடையில் வைத்தார். பள்ளத்தாக்குக்கு வரும் பிள்ளைகளுக்காக நூலொன்றும் எழுதினார். அவர்கள் இல்லறத்தில் கசப்பே நேரவில்லை என்று நான் கூறமாட்டேன்; நேர்ந்தது, கடந்தார்கள், 1984 ஏப்ரலில் ஆன்செல் மறையும்வரை சேர்ந்தே இருந்தார்கள். வர்ஜீனியா 2000ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

தந்தையிடமிருந்து பெற்று ஏறத்தாழ 35 ஆண்டுகள் தாம் நடத்திய கடையை, 1970களின் தொடக்கத்தில் அவர் மகனிடமும் மருமகளிடமும் ஒப்படைத்தார். அது இன்றும் யோசெமிட்டியில் இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையில் உள்ள பெயர் ஆன்செல் ஆடம்ஸ்.