கரைக் காவல் – 14: ஏழு நாள் பார்க்க மறந்த தெய்வம்

மணிமேகலா தெய்வம் கடலுக்குக் காவல். சென்ற வாரம் பார்த்த சதுக்கப்பூதம் புகாரின் நாற்சந்தியில் நின்று குற்றவாளியைப் பிடித்து உண்ணும் காவல். இது மூழ்குபவரைத் தூக்கி எடுக்கும் காவல்.

பாலி மொழி ஜாதகக் கதைகளில் இந்தக் காவல் ஒரு பொறுப்பாக ஒப்படைக்கப்படுகிறது. தாய் தந்தையரைப் பேணும் நல்லவர்கள் கடலில் மடியக் கூடாது, அவர்களைப் பார்த்துக்கொள் என்று நான்கு திசைக் காவலர்களும் மணிமேகலையை நியமிக்கிறார்கள். மகாஜனக ஜாதகத்தில் அந்தப் பார்வை தவறிப்போகிறது. சுவர்ணபூமிக்குச் செல்லும் மரக்கலம் நடுக்கடலில் உடைகிறது. மற்றவர்கள் அழுது தெய்வங்களைக் கூவும்போது இளவரசன் மகாஜனகன் சர்க்கரையும் நெய்யும் கலந்து வயிறு நிறையத் தின்கிறான். துணிகளை எண்ணெயில் தோய்த்து இறுக்கிக் கட்டிக்கொள்கிறான். பாய்மரத்தின் உச்சிக்கு ஏறி, கப்பலைச் சுற்றி மொய்த்த மீன்களையும் ஆமைகளையும் தாண்டி விழும்படி எட்டிக் குதிக்கிறான். கடலை அறிந்தவர் சொல்லித்தான் இந்த விவரம் கதைக்குள் வந்திருக்க வேண்டும்.

ஏழு நாள் நீந்துகிறான். அந்த ஏழு நாளும் மணிமேகலை வானுலக இன்பத்தில் திளைத்துக் கடலைப் பார்க்கவே இல்லை. ஏழாம் நாள் திடுக்கிட்டுப் பார்க்கிறாள்: இவன் இறந்தால் தேவசபைக்குள் இனி நுழைய முடியாது! ஓடி வந்தவள் உடனே கைகொடுக்கவில்லை. கரையே தெரியாத கடலில் எதற்காக இப்படிப் பாடுபடுகிறாய் என்று கேட்கிறாள். முயன்றவன் மீது பழி இல்லை என்று அவன் சொன்ன பிறகே ஏந்திச் சென்று, மிதிலையின் மாந்தோப்பில் கிடத்துகிறாள். தாய்லாந்து மன்னர் பூமிபோல் இக்கதையைத் தம் மொழியில் திருப்பி எழுதி 1996இல் வெளியிட்டார். அந்நாட்டு நாட்டியத்தில் மேகலா எனப்படும் இத்தெய்வத்தின் கையிலுள்ள மணியின் ஒளிதான் மின்னல்.

பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி 1930இல் இந்தத் தெய்வத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து வடக்கே தரங்கம்பாடியைத் தாண்டினால் பூம்புகார். அந்தப் புகாரில்தான் சிலப்பதிகாரக் கோவலன் தன் மகளுக்குப் பெயரிட்டான். அவன் முன்னோர் ஒருவர் மரக்கலம் உடைந்து தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் காத்தது. அந்த நன்றிக்காக மாதவி பெற்ற குழந்தை மணிமேகலை ஆனாள். இதை மதுரைப் புறத்தே மாடலன் என்னும் அந்தணன் நினைவூட்டுவதாகச் சிலம்பின் அடைக்கலக் காதை சொல்கிறது.

காரைக்கால் வணிகன் ஒருவனும் இப்படிப் பெயரிட்டான். பரமதத்தன் மனைவி புனிதவதி, கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனிகள் இரண்டில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்டாள். மற்றதைத் தின்ற கணவன் இன்னொன்றையும் கேட்க, இறையருளால் ஒரு கனி அவள் கையில் வந்தது. இவள் தெய்வம் என்று அஞ்சிய பரமதத்தன் கலம் கட்டி, கடல் தெய்வத்தை வணங்கிப் புறப்பட்டான் என்கிறார் சேக்கிழார். பாண்டிநாட்டுத் துறை ஒன்றில் வேறு மணம் புரிந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். ஆண்டுகள் கழித்து, காரைக்கால் அம்மையார் எனப் போற்றப்படும் அந்த முதல் மனைவி வந்து நின்றபோது, மனைவியோடும் மகளோடும் காலில் விழுந்து அந்தப் பெயரின் காரணத்தைச் சொன்னான். கடல் காத்த தெய்வத்தின் பெயர் ஒரு மகளுக்கு. கைவிட்டு வந்த மனைவியைத் தெய்வமாக்கி அவள் பெயர் இன்னொரு மகளுக்கு. ஒரே கரையின் இரண்டு வணிகர் வீடுகளில் இந்த ஒற்றுமை அமைந்தது பெரும் வியப்பு.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாடனர் வீதியுலா வரும்போது, காரைக்கால் மாடிகளிலிருந்து இன்றும் மாம்பழங்கள் வந்து விழுகின்றன. கூட்டம் துண்டையும் முந்தானையையும் விரித்து ஏந்துகிறது. பிள்ளை வரம் வேண்டுவோர் அந்தக் கனியை வீட்டுக்குக் கொண்டுபோய் உண்கிறார்கள்.

காக்க நியமிக்கப்பட்ட மணிமேகலா தெய்வத்தின் சாபமும் சேர்ந்தே புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலைக் காப்பியம். இந்த வாரத்துக்கென்று வைத்திருந்த அந்தக் கதை, மகனை இழந்து இந்திர விழாவை மறந்த சோழனிடமிருந்து அடுத்த வாரம் தொடங்கும்.