விளக்குக் கம்பத்தில் கார் சார்ஜ்

இரவு எட்டு மணி. வேலை முடிந்து வந்தவர் காரைத் தெருவோரம் நிறுத்துகிறார். டிக்கியிலிருந்து கேபிளை எடுத்து ஒரு முனையைக் காரிலும், மறுமுனையைப் பக்கத்தில் நிற்கும் தெருவிளக்குக் கம்பத்திலும் செருகுகிறார். கம்பத்தில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். மேலே விளக்கு எரிய, கீழே கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

லண்டன் தெருக்களில் இது இன்று பழகிப்போன காட்சி. நகரின் உட்பகுதியில் பழைய வரிசை வீடுகளும் அடுக்குமாடிகளும்தான் அதிகம். பலருக்குத் தெருவோரம்தான் கார் நிறுத்துமிடம். நகரின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் உள்ள சதர்லேண்ட் அவென்யூ சாலையில் 2020-இல் 24 விளக்குக் கம்பங்களை சீமென்ஸ், யூபிட்ரிசிட்டி நிறுவனங்கள் சேர்ந்து சார்ஜ் போடும் இடங்களாக மாற்றின.

நூறு வாட் விளக்கைத் தாங்கும் கம்பம், ஒரு காருக்கு எப்படி மின்சாரம் கொடுக்கும்? எல்.இ.டி. விளக்குக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. ஆனால், மண்ணுக்கடியில் வரும் கேபிள் அதைவிடப் பல மடங்கு தாங்கும். கம்பத்து இணைப்பு 5.5 கிலோவாட் வரை தருகிறது. 230 வோல்ட்டில் அது சுமார் 24 ஆம்பியர். பல கம்பங்கள் ஒரே கேபிளில் தொடுக்கப்பட்டிருந்தால், எல்லாக் கார்களின் சுமையையும் கூட்டிப் பார்த்தே அனுமதிக்க வேண்டும். அங்கேதான் சோடியம் விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றி மிச்சப்படுத்திய மின்சாரம் கைகொடுக்கிறது. விளக்கை ஏற்றி அணைக்கும் ஒளியுணரி கம்பத்தின் உச்சியில் இருப்பதால், பகலிலும் கேபிளில் மின்சாரம் ஓடும். எந்நேரமும் சார்ஜ் போடலாம்.

வேகம் குறைவுதான். ஆனால், இரவு முழுக்கச் சும்மா நிற்கும் காருக்கு அவசரம் எதற்கு? எட்டு மணி நேரத்தில் 44 யூனிட் ஏறும். யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 220 கிலோமீட்டர் ஓடலாம்.

நடைபாதைதான் சிக்கலான இடம். கம்பம் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றால், கேபிள் நடைபாதைக்குக் குறுக்கே கிடக்கும். பார்வையற்றவர் தடுக்கி விழுவார். சக்கர நாற்காலி நகராது. அதனால், தரைக்கடியில் கம்பி இழுத்து, சாலை விளிம்பில் குட்டையான தூண் நட்டு அதில் இணைப்பு தருகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் வேறொரு வழியைச் சோதித்தார்கள். நடைபாதையில் ஒடுக்கமான பள்ளம் வெட்டி, வீட்டு மின்சாரத்தையே கேபிள் வழியாகக் காருக்குக் கொண்டுவந்தார்கள்.

வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் போடுவது மலிவு. பிரிட்டனில் அதற்கு மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம். பொது இடத்து சார்ஜுக்கோ 20 சதவீதம் என்றே பல ஆண்டுகளாக வசூலிக்கப்பட்டு வந்தது. வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமுள்ளவருக்குக் குறைந்த வரி, இடமில்லாதவருக்குக் கூடுதல் வரி என்பது நியாயமே அல்ல. தெருவிளக்கின் வெளிச்சம் வீட்டின் அளவு பார்த்து விழுவதில்லை. அதே கம்பத்திலிருந்து வரும் மின்சாரமும் அப்படித்தான் கிடைக்க வேண்டும்.