மாடிக்கு ஏறும் பேட்டரி

2015 டிசம்பர் முதல் தேதி, ஒரே நாளில் தாம்பரத்தில் கொட்டிய மழை ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு விட்டார்கள். மணப்பாக்கத்தில் ஒரு மருத்துவமனையின் ஜெனரேட்டர்களையே அடையாற்று வெள்ளம் முடக்கிப்போட்டது. 2023 மிக்ஜாம் புயலிலும் தென்சென்னைப் புறநகர் மூழ்கியது. கரன்ட் போனால் உதவட்டும் என்று வாங்கி வைத்த இன்வெர்ட்டர் பேட்டரி முதல் ஆளாகத் தண்ணீருக்குள் போவது பெருங்கொடுமை.

அது தரையில் இருப்பதற்குக் காரணம் எடை. 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் ஈய பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். ஆயுள் குறையாமலிருக்க அதில் பாதியைத்தான் செலவழிக்கலாம். கையில் கிடைப்பது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம்வரை எடுக்கலாம் என்பதால், அதே வேலைக்கு 100 ஆம்பியர்-அவர் போதும். எடை 12 கிலோ அளவுதான். ஒருவரே மாடிக்குத் தூக்கிப் போய்விடலாம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவேண்டாம், ஆசிட் ஆவி கிடையாது. கிளினிக்குகளும் அடுக்குமாடிச் சங்கங்களும் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான் என்பேன்.

விலை கூடுதல்தான். ஆனால் ஈய பேட்டரி ஓராயிரம் முறை சார்ஜ் ஏறி இறங்குவதற்குள் தளர்ந்துவிடும். இது இரண்டாயிரம், மூவாயிரம் முறை தாங்கும். ஏற்றும் மின்சாரத்தில் வீணாவதும் குறைவு. ஒரு யூனிட் சேமிக்க என்ன செலவு என்று கணக்குப் போட்டால், தினமும் பயன்படுத்தும் இடத்தில் இதுவே மலிவு. ஒரகடம் போன்ற இடங்களின் கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்டுகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் பொருந்தும். ஈய பேட்டரி சார்ஜ் ஏற எட்டு மணி நேரம், ஆற இன்னும் பல மணி நேரம். மாற்று பேட்டரி வேறு வேண்டும். லித்தியம் பேட்டரியை டீ இடைவேளையிலேயே சார்ஜில் போட்டுக்கொள்ளலாம்.

1997-ல் விஞ்ஞானி ஜான் குட்எனஃப் குழு டெக்சாஸில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை ஓர் ஆய்வுக் கட்டுரையில் அறிவித்தது. கட்டுரையின் முதல் ஆசிரியர் அக்ஷய பாதி. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் வெளியேறாது. மற்ற லித்தியம் வகைகளைவிடத் தீ அபாயம் குறைவு. அபாயமே இல்லை என்று நினைத்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். மொட்டை மாடி வெயிலும் ஆகாது. காற்றோட்டமான, நிழலான அறை வேண்டும்.

பழைய இன்வெர்ட்டரிலேயே மாட்டப் போகிறவர்கள் அதில் லித்தியத்துக்கான சார்ஜிங் அமைப்பு இருக்கிறதா என்று கேட்கவேண்டும். சில இன்வெர்ட்டர்கள் தரும் ஈய பேட்டரிக்கான மின்னழுத்தம் லித்தியத்துக்குச் சேராது. பழைய ஈய பேட்டரியைச் சும்மா கொடுத்துவிடவேண்டாம். எக்ஸ்சேஞ்சில் கழிக்கும் தொகையையும் சேர்த்தே புதியதன் விலையைப் பேசுங்கள்.